நிறுத்தக் கூடாத பெட்டி

கரந்தெனியச் சந்தியில் இறங்கி இனோகா வீடு எங்கே என்று கேட்டால் ஆட்கள் முழிப்பார்கள். வயர் இனோகா என்று கேளுங்கள், மூன்று பேர் ஒன்றாகக் கை நீட்டுவார்கள். அந்த 'வயர்' அவள் பெயரோடு ஒட்டிப் பன்னிரண்டு வருடமாகிறது. முதலில் கேலியாகத்தான் ஒட்டியது. ஒட்டிவைத்தது வேறு யாருமில்லை, அவளுடைய மாமியார்தான். "சாரி உடுத்துக் கந்தோருக்குப் போற மருமகளைக் கேட்டன், வயர் இழுக்கிறவள் வந்து சேர்ந்தாள்" என்று கிணற்றடியில் சொன்னது ஊர் முழுக்கப் போய்விட்டது.

அவளுடைய அப்பா கறுவா மரத்தில் இலவங்கப்பட்டை உரிக்கிறவர். விடியக் காலையில் தோட்டத்தில் குச்சி வெட்டிக்கொண்டு வந்து, சப்பணம் கட்டி இருந்து, பித்தளைக் கம்பியால் தேய்த்துப் பட்டையை உரித்தெடுப்பார். கிழியாமல் உரிக்க வேண்டும், அதில்தான் விலை. பட்டையைத் தொட்டுப் பார்த்தே இது எந்த மரம், எத்தனை நாள் முற்றினது என்று சொல்லிவிடுவார். அந்த விரல்தான் இனோகாவுக்கு வந்தது என்று நான் சொல்வேன், இல்லை என்கிறவர்கள் இல்லை என்று சொல்லிக்கொள்ளட்டும். பதினோராம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் சந்தியில் இருந்த தொலைபேசிக் கடையில் வேலைக்குப் போனாள். போட்டோப்பிரதி, தொலைபேசி, பிள்ளைகள் விளையாட நாலு கணினி. கடைக்காரர் இத்தாலிக்குப் போகும்போது, வயரின் நுனியைக் கடித்துப் பிடிக்கிற குறடு ஒன்றை அவள் கையில் கொடுத்து, "இது உனக்குத்தான் சரி, என்ர தம்பிமாருக்குச் சரிவராது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணினிகளை ஒன்றோடு ஒன்று இணைக்கிற வயர் போடுவதில் முதல் வேலை பல் டாக்டரிடம். கதவைத் திறந்த தாதி இவளை மேலும் கீழும் பார்த்து, "ஆம்பிளை ஆள் வரேல்லையோ?" என்று கேட்டாள்.

"அவர் வீட்டில தேங்காய் துருவுறார். வயர் எங்க இருக்கு?"

அப்படி ஒன்று இரண்டாகி, இரண்டு பதினொன்றாகியது. நொத்தாரிசு கந்தோர், பஸ் சங்கக் கந்தோர், கண்ணாடிக் கடை, மிச்சம் எல்லாம் கறுவா வியாபாரிகளுடைய சின்னச் சின்ன அலுவலகங்கள். பாவாடைக்கு உள்ளே காற்சட்டை போட்டுக்கொண்டு முகட்டில் ஏறுவாள். ஒவ்வொரு வயரின் இரண்டு தலையிலும் ஒரே நிற நூல் கட்டுவாள், மஞ்சள் என்றால் இரண்டு பக்கமும் மஞ்சள், பச்சை என்றால் இரண்டு பக்கமும் பச்சை. அந்தப் பதினொரு கந்தோரும்தான் அவள் வீட்டு அடுப்பு. அதில் ஏழு, விதானகே முதலாளி சொல்லி வந்தவை. அவர் கறுவா வியாபாரிகள் சங்கத்தின் தலைவர். அவர் வாயால் ஒரு சொல் வெளியே வந்தால் அம்பலாங்கொடை வரைக்கும் நிற்காமல் ஓடும்.

அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு பிறந்து மூன்றாம் நாள், வேலை தொடங்குகிற சுபநேரம் காலை ஆறு இருபத்தேழு என்று விழுந்தது. தங்க நிறம் உடுத்து, வடக்குத் திசை பார்த்து. இனோகாவும் வீட்டில் குளித்து, மஞ்சள் சட்டை போட்டு, கருவிப் பையை வடக்குப் பக்கம் திருப்பி வைத்து, சரியாக ஆறு இருபத்தேழுக்கு ஒரு துண்டு வயரின் தலையைக் குறட்டால் கடித்துப் பிடித்தாள். வருடத்தின் முதல் வேலை முடிந்தது. பாற்சோறு ஒரு துண்டு வாயில் போட்டாள். ஒன்பது மணிக்குத் தொலைபேசி அடித்தது.

விதானகே கந்தோரில் கடிதங்கள் பார்க்கிற நிலந்தன். "அக்கா, ஒண்டும் ஓடேல்லை."

"எது ஓடேல்லை? இன்டர்நெட்டோ, பிரிண்டரோ?"

"எல்லாம். வெளியாலயும் போகுதில்லை, ஒரு மேசையில இருந்து மற்ற மேசைக்கும் போகுதில்லை. கெதியா வாங்கோ. முதலாளி வாசல்ல நிக்கிறார்."

"ஏன் வாசல்ல நிக்கிறார்?"

"உங்களைப் பாத்துக்கொண்டுதான்."

ஸ்கூட்டரில் கால் மணித்தியாலப் பாதையைப் பத்து நிமிடத்தில் ஓடினாள். முதலாளி இடுப்பில் வெள்ளைச் சாரமும் தோளில் தங்கக் கரைச் சால்வையுமாக நின்றார். புத்தாண்டு முகம் இல்லை.

"உன்ர வயர் என்ர வருசத்தைக் கெடுத்துப்போட்டுது, இனோகா."

"முதல்ல உள்ளுக்குப் போய்ப் பாக்கிறன், முதலாளி."

"பாக்க முதல் கேட்டுக்கொள். மெக்சிக்கோவுக்குப் போற கறுவா துறைமுகத்தில நிக்குது. கடிதங்கள் பன்னிரண்டு மணிக்கு முன்னம் கொழும்புக்குப் போகவேணும். போகாட்டிக் கப்பல் எங்கட பெட்டியை விட்டுட்டுப் போகும், அடுத்தது ரெண்டு கிழமைக்குப் பிறகு. அதுக்குள்ள அவன் வேற ஆளைப் பிடிச்சிடுவான். காலியில இருந்து ஒரு கொம்பனியைக் கூப்பிட்டிருக்கிறன், ரெண்டு மணிக்கு வருவாங்கள். பன்னிரண்டுக்கு முன்னம் நீ சரிப்படுத்தினாச் சரி. இல்லாட்டி உன்ர வயர் எல்லாத்தையும் அவங்கள் உருவி எறிவாங்கள். பிறகு சங்கத்தில என்னட்டக் கேட்டா நான் பொய் சொல்லமாட்டன்."

அவ்வளவுதான். ஒரு கந்தோர் இல்லை, ஏழு கந்தோர். ஏழு போனால் மற்ற நாலும் எத்தனை நாளைக்கு? செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போனாள்.

கந்தோர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முன்னால் ஒரு நீட்டு அறை, அதில் நாலு மேசை. பின்னால் ஒரு சின்ன உள்ளறை, அதில் பெரிய கணினியும் பிரிண்டரும், சுவரில் வயர்கள் எல்லாம் வந்து சேர்கிற பெரிய பெட்டியும், அதற்கு மேலே இன்டர்நெட் பெட்டியும். முன்னறை நடுவில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேசைகளுக்கு எல்லாம் புது வெள்ளைத் துணி நிலம் வரைக்கும் விரித்திருந்தது. மூலையெல்லாம் கறுவாக் கட்டுகள். எல்லாம் அவள் புத்தாண்டுக்கு முந்தின வாரம் விட்டுப்போன இடத்திலேயே, விட்டுப்போன மாதிரியே இருந்தது.

"கைத்தொலைபேசியால அனுப்பேலாதோ?" என்று நிலந்தனைக் கேட்டாள்.

"இஞ்ச ஒரு கோடு சிக்னல் அக்கா. பின்னால மாமரத்தில ஏறினா ரெண்டு கோடு. அனுப்புற சாவி பெரிய கணினிக்குள்ள இருக்கு. அதைத் தோளில தூக்கிக்கொண்டு மரத்தில ஏறவோ?"

"உனக்கு இப்பவும் பகிடிதான்."

"அழவும் ஏலும் அக்கா. பன்னிரண்டுக்குப் பிறகு அழுவம்."

பெரிய பெட்டியைப் பார்த்தவுடனேயே அவளுக்கு ஏதோ பிழை என்று தெரிந்தது. பெட்டியில் ஒவ்வொரு வயருக்கும் ஒரு பச்சை விளக்கு. நல்ல நாளில் அவை ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு, ஒன்று கண் சிமிட்டும், மற்றது சும்மா இருக்கும், நாலு பேர் ஆறுதலாகக் கதைக்கிற மாதிரி. இன்றைக்கு எல்லாம் ஒன்றாக, ஒரே வேகத்தில், வெறி பிடித்த மாதிரி அடித்துக்கொண்டிருந்தன. சந்தையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால் யாருக்கு யார் சொன்னது கேட்கும்?

கையை நீட்டினாள். பெட்டியின் மின்சாரத்தை ஒருதரம் நிறுத்திப் போட்டால் பாதி நோய் தெரியும்.

"தொடாத!" முதலாளி பின்னால் நின்றார். "நிப்பாட்டக் கூடாது."

"ஒரு நிமிசம்தான், முதலாளி."

"அரை நிமிசமும் இல்லை. ஆறு இருபத்தேழுக்கு நல்ல நேரம் பாத்துத் தொடக்கின வேலை. குத்துவிளக்கு அணையுமட்டும் ஒண்டையும் நிப்பாட்டக் கூடாது, ஒரு வயரையும் கழட்டக் கூடாது. என்ர அப்பா காலத்தில கறுவாக் கத்தியைக்கூட அண்டைக்குக் கீழ வைக்கவிடமாட்டார். ஒரு வருசம் வைச்சவங்கள். அந்த வருசம்தான் அப்பா போனவர்."

இப்படி ஒரு கட்டளை பஞ்சாங்கத்தில் இருக்கிறதோ இல்லையோ எனக்குத் தெரியாது. விதானகே வீட்டில் இருந்தது, அது போதும். வாசலில் நின்ற வேலைக்காரர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். உண்மையைச் சொன்னால் இனோகாவுக்கும் உள்ளே அந்தப் பயம் இல்லாமல் இல்லை. காலையில் தானும் வடக்குப் பார்த்து வயர் கடித்தவள்தானே.

"நிப்பாட்டாமல், கழட்டாமல் எப்பிடிப் பாக்கிறது, முதலாளி?"

"அது உன்ர வேலை."

மணி ஒன்பது ஐம்பது.

கழற்றாமல் பார்க்கக்கூடியதை எல்லாம் முதலில் பார்த்தாள். தன் பழைய மடிக்கணினியை இன்டர்நெட் பெட்டியில் சும்மா இருந்த ஓட்டையில் கொழுவினாள். புதிதாகக் கொழுவக் கூடாது என்று அவர் சொல்லவில்லையே. அங்கிருந்து பெரிய கணினியைக் கூப்பிட்டுப் பார்த்தாள். நீ இருக்கிறாயா, இருக்கிறாயா என்று நாற்பது தரம் கூப்பிட்டதற்கு ஒரு தரம் பதில் வந்தது, அதுவும் கடலுக்கு அந்தப் பக்கம் நின்று குரல் கொடுத்த மாதிரி. செத்துப்போகவில்லை, மூச்சுத் திணறுகிறது. வெளியேயும் அதே கதைதான்.

பிறகு ஒவ்வொரு கணினியின் இலக்கத்தையும் பார்த்தாள். இரண்டு வீட்டுக்கு ஒரே இலக்கம் விழுந்தால் தபால்காரன் தடுமாறுவான், கணினியிலும் அந்த நோய் உண்டு. ஐந்து கணினிக்கும் ஐந்து இலக்கம், பிரிண்டருக்கு ஆறாவது. ஒன்றோடு ஒன்று முட்டவில்லை. எலி கடித்ததோ என்று உள்ளறைச் சுவரோரம் முழுக்க வயரை விரலால் தடவிப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு, அவள் அப்பா பட்டையைத் தடவுகிற மாதிரி. ஒரு கீறல்கூட இல்லை. மஞ்சள் நூல், பச்சை நூல், சிவப்பு நூல், எல்லாம் தன் தன் ஓட்டையில்.

பத்து முப்பத்தைந்து.

"என்ன?" என்றார் முதலாளி. கதிரையை உள்ளறை வாசலிலேயே போட்டு இருந்துவிட்டார்.

"இஞ்ச இருக்கிற வயரில பிழை இல்லை."

"அப்ப எதில பிழை? என்ர தலையெழுத்திலயோ?"

"எங்கயோ ஒரு இடத்தில இருந்து சத்தம் வருது, முதலாளி. ஒவ்வொரு வயராக் கழட்டினா, எதைக் கழட்டின உடன விளக்கு அடங்குதோ அந்த வழியிலதான் கள்ளன். அஞ்சு நிமிச வேலை. இந்த மஞ்சளை மட்டும் ஒருக்கா..."

"கழட்டாத எண்டு சொன்னன்."

"ஏற்கெனவே எல்லாம் நிண்டுதானே கிடக்கு!"

"அது தானா நிண்டது. நீ நிப்பாட்டினா அது வேற."

கோபம் உச்சிக்கு ஏறியது. விட்டெறிந்துவிட்டுப் போயிருக்கலாம். போனால், வயர் இனோகா சரிப்படுத்தத் தெரியாமல் ஓடிவிட்டாள் என்று பின்னேரத்துக்குள் எல்பிட்டிய வரைக்கும் போயிருக்கும். சொண்டைக் கடித்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

முன்னறையில் நாலு மேசை, நாலு கணினி. ஒன்றுக்கு நேரே பெரிய பெட்டியில் இருந்து வயர் வருகிறது. மற்ற மூன்றுக்கும் சேர்த்து ஒரே வயர் வந்து, நடு மேசைக்குக் கீழே பூட்டியிருக்கிற சின்னப் பெட்டியில் பிரிகிறது. வயர் போதாமல் அவள் போன வருடம் அப்படிச் செய்தது. நடு மேசைக்கு முன்னால் விளக்கும் பலகாரத் தட்டும், பக்கத்தில் இடுப்பளவு கறுவாக் கட்டுகள்.

"இந்த மேசைக்குக் கீழ ஆராவது கை வைச்சனீங்களோ?"

"இல்லை அக்கா" என்றான் நிலந்தன். "நீங்க பூட்டினது பூட்டின மாதிரியே இருக்கு."

நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? மேசைகள் அவள் விட்டுப்போன இடத்தில் அப்படியே நின்றன. நேரே பெட்டியில் இருந்து வயர் வருகிற முதல் மேசைக்குப் போனாள். கணினிக்குள் ஏதும் பைத்தியம் பிடித்துச் சத்தம் போடுகிறதோ என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. பதினொன்று ஐந்து. வெளியே முதலாளியின் தொலைபேசி அடித்தது, கொழும்புக்காரன். "அனுப்புறம், இப்ப அனுப்புறம், கொஞ்சம் பொறுங்கோ" என்று முதலாளி கெஞ்சுகிற குரல் அவள் முதுகில் வந்து விழுந்தது. அந்த மனிதர் கெஞ்சி அவள் முன்னே பின்னே கேட்டதில்லை. திரும்பினபோது கணினி எலியைத் தட்டிவிட்டாள், அது மேசையில் இருந்து கீழே தொங்கியது.

அந்த நேரம் பார்த்துத்தான் குசுமா தேநீர்த் தட்டோடு வந்தாள். கந்தோரைக் கூட்டித் துடைத்துத் தேநீர் போடுகிறவள், ஐம்பது வயசு, வாய்க்குக் கதவில்லை.

"இந்தா தங்கச்சி, தேத்தண்ணி குடி. முகம் வெளிறிப் போச்சு. அந்தப் பக்கம் காலை வைக்காத, என்ர நிலத்தைப் பாத்தியோ? நாலு நாள் முழங்காலில நிண்டு சிவப்புப் பொலிஷ் போட்டன். கண்ணாடி மாதிரி இருந்தது. முகம் பாக்கலாம். இப்ப பார், மாடு உழுத மாதிரி."

இனோகா கீழே பார்த்தாள். சிவப்பு நிலத்தில் மேசைக் காலடியில் இருந்து வளைந்து வளைந்து வெள்ளைக் கீறல்கள். அரை வட்டமாகப் போய், திரும்ப அதே வழியாக வந்திருந்தன.

"அக்கா, இது என்ன கீறல்?"

"என்ன கீறலோ? மேசையை இழுத்தது. காலமை எல்லாத்தையும் வடக்குப் பாக்கத் திருப்பினாங்கள்தானே. சுவரைப் பாத்துக்கொண்டு வேலை தொடங்கினாங்கள், பாற்சோறு திண்டாங்கள், வெளிச்சம் கண்ணில அடிக்குது எண்டு திரும்பவும் பழைய மாதிரி இழுத்து வைச்சாங்கள். ஆரும் தூக்கினவங்களோ? இழுத்தாங்கள்! நாலு மேசை, பதினாறு கால்."

இனோகா நிலந்தனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் ஒரு அடி பின்னால் போனான்.

"மேசையைத் திருப்பினதை ஏனடா சொல்லேல்லை?"

"நீங்க கேக்கேல்லையே அக்கா. நல்ல நேரத்துக்கு எல்லாரும் திருப்புறதுதானே. நீங்க திருப்பேல்லையோ?"

"மேசையோட வயர்?"

"அதுகள் இழுபட்டுக் கழண்டது. திரும்பக் கொழுவினம். எல்லாம் சரியாத்தான் கொழுவினம், ஒண்டும் மிச்சம் இல்லை."

ஒன்றும் மிச்சம் இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் தேநீர்க் கோப்பையைத் தட்டிலேயே திருப்பி வைத்தாள். மிச்சம் ஒன்று இருக்க வேண்டும். புத்தாண்டுக்குப் பிறகு புது எழுதுவினைஞர் ஒருத்தி வருகிறாள் என்று முதலாளி சொன்னதால், சின்னப் பெட்டியில் ஒரு வயரைக் கொழுவி, அதன் மற்றத் தலையைச் சும்மா சுருட்டி, நீல நூல் கட்டி, மேசைக்குக் கீழே விட்டுப்போனது அவளேதான். மறந்தும் போயிருந்தாள்.

கறுவாக் கட்டுகளை இரண்டு கையாலும் தள்ளினாள். "விளக்கு, விளக்கு!" என்று குசுமா கத்திக்கொண்டு விளக்கைப் பிடித்தாள். வெள்ளைத் துணியைத் தூக்கிவிட்டுக் குனிந்து உள்ளே போனாள். இருட்டுக்குள் சின்னப் பெட்டியின் விளக்குகள் எல்லாம் வெறி பிடித்து அடித்துக்கொண்டிருந்தன. ஆறு ஓட்டை, ஆறிலும் வயர். ஒரு ஓட்டையில் நீல நூல். கடைசி ஓட்டையிலும் நீல நூல்.

ஒரே வயரின் இரண்டு தலையும் ஒரே பெட்டியில். ஒரு வாசலால் போன சொல் மற்ற வாசலால் உள்ளே வருகிறது, வந்தது திரும்பப் போகிறது, போனது திரும்ப வருகிறது. கல்யாண வீட்டில் ஒரே கூட்டம் பந்திக்குப் பந்தி எழும்பி எழும்பி வந்து இருந்தால் மற்றவனுக்கு இலை ஏது? முழுக் கந்தோரையும் அந்த ஒற்றை வயர் தின்றுகொண்டிருந்தது.

பதினொன்று முப்பத்திரண்டு.

"கண்டுபிடிச்சிட்டன்" என்று மேசைக்குக் கீழே இருந்தே சொன்னாள். "இந்தக் கடைசி ஓட்டையில நீல நூல் வயரை ஆர் கொழுவினது?"

அவள் கண்ணுக்கு நிலந்தனின் கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு காலின் பெருவிரல் மற்றக் காலைச் சொறிந்தது. பிறகு வெள்ளைச் சாரம் ஒன்று வந்து நின்றது.

"அது நான் கொழுவினது" என்றார் முதலாளி. குரலில் ஒரு பெருமை. "சரியா ஆறு இருபத்தேழுக்கு. எல்லாருக்கும் ஒவ்வொரு வேலை இருந்தது, ஒருத்தன் கடிதம் அடிச்சான், ஒருத்தன் கணக்குத் திறந்தான். எனக்கு இந்தப் பெட்டிகளில என்ன தெரியும்? வயர் ஒண்டு கீழ அநாதையாக் கிடந்தது. ஓட்டை ஒண்டு சும்மா இருந்தது. வடக்குப் பாத்து, புத்தரை நினைச்சுக் கொழுவினன். டக்கெண்டு சத்தம் கேட்டது. அதுதான் என்ர இந்த வருசத்து முதல் வேலை. ஏன்?"

அந்த 'ஏன்' அவள் தலைக்கு மேலே தொங்கியது.

மேசைக்குக் கீழே அவளுடைய விரல் அந்த வயரின் தலையில்தான் இருந்தது. சின்ன நாக்கு ஒன்று இருக்கும், அதை நகத்தால் அழுத்தி ஒரு நூல் அளவு பின்னால் இழுத்தால் போதும். வயர் ஓட்டையில் இருக்கிற மாதிரியே இருக்கும், உள்ளே தொடாது. துணி மூடியிருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள்? கடிதம் போய்விடும். முதலாளியின் முதல் வேலை முதல் வேலையாகவே இருக்கும். அவர் சந்தோசப்படுவார், வயர் தானாகச் சுகமாகிவிட்டது என்பார். ஆனால் அப்போது பிழை யாருடையது? காலையில் வாசலில் நின்று உன்ர வயர் என்று சொன்னாரே, அந்தச் சொல் அப்படியே நிற்கும். இரண்டு மணிக்குக் காலிக்காரர்கள் வருவார்கள். இந்தப் பெண் போட்ட வயர் ஒருநாள் வேலை செய்யும், ஒருநாள் செய்யாது என்று ஊர் சொல்லும். ஏழு கந்தோருக்கும் அந்தக் கதை போகும்.

நகத்தை நாக்கில் இருந்து எடுத்தாள். முழங்காலில் பின்னால் நகர்ந்து வெளியே வந்து எழும்பி நின்றாள். மஞ்சள் சட்டை முழுக்கச் சிவப்புப் பொலிஷ்.

"முதலாளி, அதுதான் கெடுக்குது."

"எது?"

"நீங்க கொழுவின தலை. அது அந்தப் பெட்டிக்கு உரியது இல்லை. ரெண்டு தலையும் ஒரே பெட்டியில இருந்தா எல்லாம் திணறிப்போகும். காலமை ஆறு இருபத்தேழில இருந்து அதுதான் திணறுது."

நிலந்தன் முகட்டைப் பார்த்தான். முதலாளியின் முகம் மெல்ல மெல்லக் கறுத்தது.

"என்ர கையால, நல்ல நேரத்தில, நான் வைச்சது கெடுக்குதோ?"

"ஓம்."

"வாய் கூசேல்லையோ உனக்கு?"

"கூசுது. ஆனா அதுதான் உண்மை. வயரை அவிழ்ந்த தலையோட கீழ விட்டது என்ர பிழை. அதை நான் கட்டி மேல வைச்சிருக்கவேணும், ஆருக்கும் கை போகாத இடத்தில. மறந்துபோனன். ஓட்டையில வைச்சது உங்கட கை. ரெண்டையும் சொல்லிப்போட்டன். போட்டிருக்கிற வயரில ஒரு பிழையும் இல்லை, அதை மட்டும் நான் விடமாட்டன். இப்ப கழட்டவோ, வேண்டாமோ? நீங்க சொல்லுங்கோ. பதினொண்டு முப்பத்தெட்டு."

"கழட்டினா என்ர வருசம்..."

"கழட்டாட்டி உங்கட கப்பல்."

முதலாளி விளக்கைப் பார்த்தார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். வாசலில் நின்ற வேலைக்காரர்களைப் பார்த்தார், அவர்கள் எல்லோரும் ஒன்றாக நிலத்தைப் பார்த்தார்கள். சால்வை நுனியால் கழுத்தைத் துடைத்தார். நொடி முள்ளு ஒரு சுற்று முழுசாகச் சுற்றியது. இனோகா எண்ணிக்கொண்டிருந்தாள்.

"வருசத்துக்கு நல்ல நேரம் பிறகும் பாக்கலாம் முதலாளி" என்றாள் குசுமா, விளக்கை அணைத்துப் பிடித்தபடியே. "கப்பல்காரன் பஞ்சாங்கம் பாக்கமாட்டான்."

"நீ வாயை மூடு, குசுமா."

"மூடுறன். நீங்க குனியுங்கோ."

அவர் குனிந்தார். அறுபத்தாறு வயசு மனிதர், வெள்ளைச் சாரத்தோடு அந்தச் சிவப்பு நிலத்தில் முழங்காலை ஊன்றி, மேசைக்குக் கீழே தலையை விட்டார். இனோகாவும் பக்கத்தில் குனிந்தாள்.

"எது?"

"நீல நூல். இல்லை, அது மற்றது. கடைசியில இருக்கிறது. சின்ன நாக்கு இருக்கு, அதை அமத்துங்கோ. இழுக்க வேண்டாம், முதல்ல அமத்துங்கோ. ஆ, இப்ப."

டக்கென்று ஒரு சத்தம். வயர் அவர் கையோடு வந்தது.

விளக்குகள் ஒரு நொடி அப்படியே நின்றன. பிறகு ஒன்று சிமிட்டியது. இன்னொன்று ஆறுதலாக. உள்ளறையில் இருந்து பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு காலையில் இருந்து அடைபட்டுக் கிடந்த கடதாசிகளை ஒவ்வொன்றாகத் துப்பத் தொடங்கியது.

"நிலந்தா!" என்று இரண்டு பேரும் மேசைக்குக் கீழே இருந்து ஒன்றாகக் கத்தினார்கள். அவன் ஏற்கெனவே உள்ளறைக்குப் பாய்ந்துவிட்டான்.

நாற்பத்திரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கமாகப் போயிற்று. முப்பதாம் பக்கத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, நிலந்தன் கணினியைப் பார்த்து ஏதோ கெட்ட சொல் சொன்னான், புத்தாண்டு நாளில் சொல்லக் கூடாத சொல். பிறகு போயிற்று. பதினொன்று ஐம்பத்துநாலு. இனிக் கொழும்பில் இருந்து பதில் வரவேண்டும். யாரும் உட்காரவில்லை. முதலாளி அந்த நீல நூல் வயரின் தலையைக் கையில் பிடித்தபடியே நின்றார், கீழே வைக்கத் தோன்றவில்லை போலும். பதினொன்று ஐம்பத்தெட்டுக்குத் திரையில் ஒரு வரி வந்தது. கிடைத்தது.

குசுமா முதலில் கை தட்டினாள். பிறகு எல்லோரும் ஒரே சத்தம். பலகாரத் தட்டு ஓடியது. முதலாளி கதிரையில் பொத்தென்று விழுந்தார். நன்றி என்றும் சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை.

இனோகா பலகாரத் தட்டைத் தொடவில்லை. நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"காலிக்காரருக்கு எடுங்கோ, முதலாளி."

"எடுக்கிறன், எடுக்கிறன். முதல்ல ஒரு வாய் தேத்தண்ணி..."

"இப்ப எடுங்கோ. எனக்கு முன்னால."

"உனக்கு என்ன பிடிவாதம், மகள்?"

"ஏழு கந்தோர் பிடிவாதம்."

அவர் தொலைபேசியை எடுத்தார்.

"ஓம், விதானகே கதைக்கிறன். நீங்க வர வேண்டாம். இல்லை, சரிவந்திட்டுது. எங்கட வயர்க்காரி பாத்திட்டா." அந்தப் பக்கம் ஏதோ நீளமாகக் கேட்டார்கள். முதலாளி கண்ணை மூடினார். "இல்லை, வயரில பிழை இல்லை. வயர் நல்ல வயர். பிழை... பிழை என்ர கையில. ஓம், என்ர கையில எண்டுதான் சொன்னன். வைக்கிறன்."

இனோகா குனிந்து பையில் இருந்து கறுப்பு ஒட்டுநாடாவை எடுத்தாள். மேசைக்குக் கீழே போய்ச் சின்னப் பெட்டியில் சும்மா இருந்த ஓட்டையை மூடி ஒட்டினாள், பிறகு உள்ளறைக்குப் போய்ப் பெரிய பெட்டியில் சும்மா இருந்த மூன்றையும். புது எழுதுவினைஞர் வருகிற நாளில் வந்து கொழுவுகிறேன் என்று சொல்லி, முதலாளியின் கையில் இருந்த நீல நூல் வயரின் மற்றத் தலையையும் கழற்றி, அந்த ஓட்டையையும் மூடி, வயரைச் சுருட்டிப் பையில் போட்டாள். இந்த முறை கழற்ற வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.